ஆற்றுப் பக்கத்துக் கிப்லா

காட்டில் கூடாரம் அடித்து ஒரு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று மூத்த மகள் சொன்னபோது, கழிப்பறை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்டேன். இருக்கிறது என்றாள். அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் பதில் என்னவென்று தாய்க்குத் தெரியும்.

ஆனாலும் சரி என்றேன். அவளுக்காக அல்ல, அவளுடைய வாப்பாவுக்காக. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கால் திரும்பி வந்துவிட்டது. வலது கை முக்கால்வாசி வந்தது. வாய்தான் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றது. சில எழுத்துகள் நாக்கில் வழுக்கின. பிலிமத்தலாவையில் இருக்கும் எங்கள் இரும்புச் சாமான் கடைக்கு அவர் மறுபடி போய்வரத் தொடங்கியிருந்தார். ஆணியும் பிணைச்சலும் விற்பதற்கு இந்த நாக்கு போதும் என்று அவரே சொல்வார். அது போதாத இடம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சுபஹ், அதாவது விடியற்காலைத் தொழுகை, சேர்ந்துதான் நடக்கும். மற்ற நேரங்களுக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போவார். சுபஹ் மட்டும் எங்களுக்கு. அவர் முன்னால் நின்று தொழுவிப்பார், நான் பின்னால் நிற்பேன். பிள்ளைகள் பிறந்த பிறகு எனக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தி அரைத்தூக்கத்தில் ஆடிக்கொண்டு நிற்பார்கள். அவருடைய ஓதல் ஒன்றும் அப்படிப் பெரிய ராகம் இல்லை. ஆனால் அந்தக் குரல் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் மாதம், ஒரு காலையில் அவர் மறுபடி முன்னால் வந்தார். முழங்கால் மடங்காததால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அதில் இருந்துகொண்டு தொழுவித்தார். தொழுகையில் முதலில் ஓதும் பாத்திஹா சூராவின் கடைசிச் சொல், எல்லோரும் ஆமீன் சொல்வதற்கு முந்திய சொல், நாக்குக்குக் கடினமானது. நல்ல நாக்குக்கே கடினம். அங்கே வந்ததும் அவருடைய நாக்கு வழுக்கிவிட்டது. சூடான கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம் வந்தது. என் பக்கத்தில் நின்ற சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அது பரிகாசச் சிரிப்பு இல்லை. எட்டு வயதில் தொழுகைக்குள் ஒரு தும்மல் கேட்டாலும் சிரிப்பு வரும். நானும் அந்த வயதில் சிரித்து அடி வாங்கியிருக்கிறேன். அவர் தொழுகையை முடித்தார். அடுத்த நாள் கதிரை அறையின் மூலைக்குப் போய்விட்டது. “இனி எல்லாரும் தனித்தனியாத் தொழுங்கோ” என்றார். அவ்வளவுதான்.

அவருடைய அந்த ஒரு பேச்சுக்காக நான் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன். எனக்குச் சண்டைதான் வரும், கெஞ்ச வராது. அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். ஆனால் என்னை வதைத்தது அவர் இல்லை, சின்னவள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வாப்பா கேட்கும் முன்னே செருப்பைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கும் முன்னே வாங்கிக்கொள்வாள். ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை ஒரு சிரிப்புக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கதிரை முன்னால் வராவிட்டால் அது அவள் நெஞ்சிலிருந்து இறங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெட்கம் வந்துவிட்ட ஆண்பிள்ளையை அசைப்பது லேசான வேலை இல்லை.

காட்டில் பள்ளிவாசல் இருக்காது. வேறு ஆண்பிள்ளையும் இருக்காது. தொழுவிக்க அவரை விட்டால் ஆள் இல்லை, அதுதான் என் கணக்கு.

கடையின் வேனை நானே ஓட்டினேன். அதில் நான் ஏற்றிய சாமானைப் பார்த்து மூத்தவள் தலையில் கை வைத்தாள். ஆறு தலையணை, தேங்காய்த் திருவலை, அரிசிச் சட்டி, இரண்டு கேத்தல், மூன்று போத்தல் சம்பல், அட்டைக்கு ஒரு பக்கெட் உப்பு, அவருடைய கதிரை. ஒரு சின்ன அலுமாரி மட்டும்தான் குறை என்றாள். “வீட்டயே கழட்டிக் கொண்டு போறீங்களா உம்மா?” என்று கேட்டாள். என் கணவர் முன் சீட்டில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் அசைந்தது போல எனக்குப் பட்டது.

தெல்தெனியவில் நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினோம். அங்கேயே ஒரு பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு மலைப்பாதையில் ஏறினோம். ஏற ஏற மழை. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வெள்ளையாக மூடியது. எத்தனை வளைவு திரும்பினோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் பாதை முடிந்த இடத்தில் மழையும் முடிந்தது. கீழே ஆறு ஓடியது.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. கும்புக் என்கிற மருத மரங்கள் தண்ணீருக்குள் கால் வைத்து நின்றன. இரண்டு பக்கமும் மலை, மலைக்கு மேலே மேகம், அதனால் வானம் என்று ஒன்று இல்லை. மழை விட்ட பிறகும் மரங்கள் தங்கள் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. ஆற்றின் சத்தம் முதலில் காதில் விழுந்தது. பிறகு அது காதுக்குள்ளிருந்தே வருவது போல் இருந்தது. பிறகு கேட்கவே இல்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் உரத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

இடத்தைப் பார்த்துக்கொள்கிற சிங்கள மனிதர் ஒருவர் விறகோடு வந்தார். தமிழ் பாதியும் சிரிப்பு பாதியுமாகப் பேசினார். கூடாரத்தின் வாசலை ஆற்றுப் பக்கம் வைக்க மூத்தவள் ஆசைப்பட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“ஆத்துப் பக்கம் வேணாம் நோனா. காலைல வெயில் நேரா மூஞ்சிக்கு வரும். நித்திர கொள்ள ஏலாது.”

சரிதானே என்று வாசலைக் காட்டுப் பக்கம் திருப்பினோம். அவர் சொன்னதை நான் இந்த இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டு, நித்திரையைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

எங்கள் வீடு கெட்டம்பேயில் மகாவலிக் கரையில் இருக்கிறது. குசினி ஜன்னலைத் திறந்தால் ஆறு. நாங்கள் மக்காவை நோக்கித் தொழும் திசையான கிப்லா, இந்த நாட்டில் மேற்குப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் ஆறும் அந்தப் பக்கம்தான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் திசை பார்த்து முசல்லா என்கிற தொழுகை விரிப்பை விரித்ததில்லை. ஆற்றைப் பார்த்து விரித்தால் முடிந்தது. சின்னவள் நாலு வயதில் அம்பிட்டியவில் என் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, தொழுகைக்கு எழும்பி, “இங்க ஆறு எங்க ஈக்கி?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

காட்டில் அன்று மாலை, மஃரிப் தொழுகைக்கு நாங்கள் ஆளுக்கொரு மூலையில் முசல்லாவை விரித்தோம். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைப்பேசிகளை வேனில் பூட்டி வைக்க வேண்டும் என்பது மூத்தவளின் சட்டம். திறந்து பார்த்திருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை. அதெல்லாம் வீண் பேச்சு. எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை, ஆறுதான் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறதே.

அவருடைய கதிரையின் கால்கள் ஈர மணலில் ஒரு பக்கமாகப் புதைந்தன. சின்னவள் ஓடிப்போய் நாலு தட்டைக் கல் பொறுக்கி வந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டுத் தனியாகத் தொழுதார்.

பிறகு ரொட்டி சுட்டோம். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. அவ்வளவு ருசியான ரொட்டியை நான் வீட்டில் சுட்டதே இல்லை. இருள் இறங்க இறங்க ஆற்றுக்கு மேலே மின்மினிகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு எண்ண முடியாமல். யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் கோபத்தின் அடையாளம். அங்கே அப்படி இல்லை. நான் அவருடைய தோளில் சாய்ந்து இருந்தேன். பிள்ளைகள் முன்னால் நான் அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காலம் என்கிற ஒன்றையும் நாங்கள் வேனிலேயே விட்டுவிட்டு வந்தது போல இருந்தது.

அப்போது சின்னவள் நெருப்பைப் பார்த்தபடியே கேட்டாள். “வாப்பா, காலேல சுபஹ் நீங்க தொழுவிப்பீங்களா?”

மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன். ஒன்பது மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது.

“பாப்போம்” என்றார் அவர்.

எங்கள் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். அது சின்னவளுக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஆற்றில் தள்ளியிருப்பேன். தள்ளவில்லை. நானும் போய்ப் படுத்தேன். ஆறு என் தலைக்கு அடியில் ஓடுவது போலவும் நாங்கள் நாலு பேரும் கூடாரத்தோடு மெல்ல மிதந்து போவது போலவும் கண்டுகொண்டே தூங்கிப்போனேன்.

விழித்தபோது கூடாரத்துக்குள் சாம்பல் நிறம். அவர் பக்கத்தில் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். ஆறும் கரையும் ஒன்றாக மூடுபனியில் கிடந்தன. பனிக்குள் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து தொழுகைக்கு ஒழு எடுத்துக்கொண்டிருந்தார். சின்னவள் கேத்தலைச் சரித்து அவருடைய கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கை நனைந்ததா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். அவளை யார் எழுப்பினார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் மூன்று தடவை கத்தினாலும் எழும்பாத பிள்ளை.

நான் கிட்டப் போனேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் சேர்ந்து ஆறு முதல் நாளைவிடப் பெரிதாக இரைந்தது.

“நல்ல சத்தம்” என்றார்.

“ஓ. காது அடைக்கிற.”

“இந்தச் சத்தத்துல எனக்கே என்ட குரல் கேக்காது.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கதிரயக் கொண்டாங்கோ. தண்ணிக்குக் கிட்டப் போடுங்கோ. மூத்தவளயும் எழுப்புங்கோ.”

வாயைத் திறந்தால் மனிதர் மனம் மாறிவிடுவார் என்ற பயம். ஓடிப்போய் மூத்தவளின் காலைப் பிடித்து இழுத்தேன். சின்னவள் தட்டைக் கற்களைத் தண்ணீர் ஓரத்துக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தாள். கதிரை வந்தது. ஆற்றுக்கு முன்னால் அவர், அவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவருடைய பிடரியை நான் அந்த இடத்திலிருந்து பார்த்தேன். மயிர் நிறைய நரைத்திருந்தது.

தக்பீர் கட்டினார். அவர் நினைத்தது சரிதான், ஆறு எல்லாவற்றையும் விழுங்கியது. குரல் இருந்து இருந்து ஒரு துண்டு வந்தது, பிறகு தண்ணீர். அந்தக் கடைசிச் சொல் வழுக்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தோள் அசைவதை வைத்துத்தான் ஆமீன் சொன்னோம். எனக்கு அது போதும் என்று இருந்தது. அல்லாஹ்வுக்குக் கேட்டிருக்கும், எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று என்ன கட்டாயம்.

இரண்டாவது ரக்அத்தில், சுபஹுக்கே உரிய குனூத் துஆவுக்காக நாங்கள் கைகளை ஏந்தி நின்றபோது, அவருடைய தலைக்கு மேலே பனியின் நிறம் மாறுவதைக் கண்டேன். முதலில் பால் போல இருந்தது. பிறகு மெல்லிய மஞ்சள். பிறகு ஆற்றுக்கு அப்பாலுள்ள மலையின் விளிம்பு முழுவதும் ரோசாப்பூ நிறமாக எரிந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் விறகு கொண்டுவந்தவரின் குரல் கேட்டது. காலைல வெயில் நேரா மூஞ்சிக்கு வரும்.

என் ஏந்திய கைகள் அப்படியே உறைந்தன. நாங்கள் கிழக்கைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தோம். மக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால், காட்டுக்கும் கூடாரத்துக்கும் என் ஆறு தலையணைகளுக்கும் அப்பால் இருந்தது.

நான் கையைத் தட்டி உணர்த்தியிருக்க வேண்டும். குறைந்தது என் தொழுகையையாவது முறித்திருக்க வேண்டும். இரண்டும் எனக்குத் தெரிந்த சட்டம்தான். ஆனால் ஒன்பது மாதத்துக்குப் பிறகு முன்னால் வந்திருக்கும் மனிதரை நடுவில் நிறுத்தி, இதுவும் பிழை என்று சொல்ல என் கை எழும்பவில்லை. அன்று நான் செய்தது சரியா என்று ஒரு மௌலவியிடமும் நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

ஸலாம் கொடுத்து முடித்தார். வலப்பக்கம், இடப்பக்கம். பிறகு நேரே பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். மலை விளிம்பில் சூரியன் இன்னும் வரவில்லை, வரப்போகும் இடம் மட்டும் அடுப்பு வாய் போலச் சிவந்திருந்தது. மூத்தவள் என் கையைப் பிடித்தாள், அவளுக்கும் விளங்கிவிட்டது. அவருடைய முதுகு குலுங்கத் தொடங்கியது. யா அல்லாஹ், அழுகிறார், எல்லாம் போச்சு, கதிரை இனி மூலையைவிட்டு நகராது என்று நினைத்தேன்.

அவர் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறி, மறுபக்கம் ஏற மறுத்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

“தலவாணி கொண்டந்தீங்க. திருவல கொண்டந்தீங்க. வீட்டுக் கிப்லாவயும் வேன்ல ஏத்திக்கொண்டு வந்துட்டீங்களே!”

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. மூத்தவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தாள், உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

“நீங்களும் சிரிங்கோ மகள்” என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “நான் சிரிச்சாப் பொறவு நீங்க தொழுவிக்க மாட்டீங்க.”

ஆற்றின் சத்தம் திடீரென்று எனக்குக் கேட்கத் தொடங்கியது. அவர் சிரிப்பை நிறுத்தினார். கையை நீட்டி அவளைக் கிட்ட இழுத்து, நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டார். அவர் அவளிடம் ஏதோ சொன்னார். அது எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

பிறகு கை மணிக்கூட்டைப் பார்த்தார். “வக்து இன்னும் ஈக்கி. வெயில் வர முந்தி இன்னொருக்காத் தொழுவோம். இதத் திருப்பத்தான் வேணும்.”

“இந்தப் பக்கம் திரும்பினாக் காடு, வாப்பா” என்றாள் மூத்தவள். “ஆறு பின்னுக்குப் போயிரும்.”

“போகட்டும்.”

அவர் எழும்பிக் கதிரையைத் தானே தூக்கினார், நல்ல கையால். நாங்கள் முசல்லாக்களைச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் கரையேறினோம். கூடாரத்தையும் தாண்டி, மரங்களுக்குள், நிலம் இறுகலாக இருந்த ஓர் இடத்தில் கதிரையை வைத்தார். அங்கே கல் தேவைப்படவில்லை. ஆறு வெகு தூரத்தில் யாரோ பேசிக்கொண்டு போவது போல மெதுவாகக் கேட்டது. ஓர் இலை விழுந்தாலும் காதில் விழும்.

“இங்க எல்லாம் கேக்கும்” என்றேன், என்னை மீறி.

“தெரியும்” என்றார்.

தக்பீர் கட்டினார். ஓதத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சில சொற்கள் நேராக வந்தன, சில ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தன. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் சின்னவளின் கைகள் நெஞ்சில் இறுகிக் கிடந்தன, அவள் மூச்சுக்கூட விடவில்லை. கடைசிச் சொல் வந்தது. நாக்கு வழுக்கியது. அவர் நிறுத்தினார். காடு முழுவதும் நின்றது. பிறகு திரும்ப அதே சொல்லை, அவசரப்படாமல் எடுத்தார். அது மறுபடியும் வழுக்கியது, ஆனால் இந்தத் தடவை அவர் அதை அப்படியே, அதன் போக்கிலேயே, கடைசி வரை நீட்டிக் கொண்டுபோய் முடித்தார்.

“ஆமீன்” என்றாள் சின்னவள். வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் அதட்டியிருப்பேன். மேலே மரத்திலிருந்து ஏதோ ஒன்று சிறகடித்துப் பறந்தது. மூத்தவளும் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த சூராவைத் தொடங்கிவிட்டார்.